ஒரு பனை, ஆறு நாள்: உடன்குடியில் ஒரு கோடை விடுமுறை

முதல் நாள்

திருச்செந்தூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் உடன்குடி 15 கிலோமீட்டர்தான். வழி நெடுகப் பனை, குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும் உடைமரம், இடையிடையே முந்திரி. சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் ஒன்பது வயசுப் பேரன், கூட்டிப்போக வந்த ஆச்சி. மொத்தம் ஆறு நாள்.

ஆறு நாள் என்றதும் எல்லாரும் ஒரு பட்டியல் போடுவார்கள்: மணப்பாடு, குலசை, கன்னியாகுமரி, குற்றாலம். மே மாதக் குற்றாலத்தில் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். பட்டியலை மடித்து வைத்துவிடலாம். வாசலில் நிற்கும் ஒரு பனையையும் அதைச் சுற்றி அரை மைலையும் காலையிலும் மாலையிலும் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஆறு நாள் போதாது. நாளைக்கு ஒரு ஊர் என்று இழுத்துப் போன பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸில் வாந்தி எடுத்த இடம் மட்டும்தான்.

கத்திரி வெயில் காலம். அதனால் நேரக் கணக்கு கறாராக இருக்கவேண்டும்: காலை 5.30 முதல் 8.30 வரை, மாலை 5 முதல் இருட்டும் வரை. நடுப்பகலில் வீட்டுக்குள். பையில் முழுக்கால் பருத்தி பேன்ட், மூடிய ஷூ, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், கோடு போடாத நோட்டு, பென்சில், ஸ்கேல், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ். லென்ஸைப் பிள்ளைகள் சினிமா துப்பறிவாளர் மாதிரி கையை நீட்டிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் மங்கல்தான். கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பொருளை ஓர் அங்குலத் தூரத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

சாயங்காலம், வீட்டு இறவாணத்துக்கு, அதாவது கூரை விளிம்புக்குக் கீழே, மழையே படாத புழுதியில் வரிசையாகக் கூம்புக் குழிகள். ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை அங்குல அகலம். குழியானை, ஒரு பூச்சியின் புழுப் பருவம். ஊருக்கு ஊர் பேர் மாறும், குழிநரி என்றும் சொல்வார்கள். விரலை விட்டுத் தோண்டினால் அது கிடைக்காது, அடியில் நழுவிவிடும். ஒரு சிரட்டையைக் குழிக்குப் பக்கவாட்டில் ஓர் அங்குலம் தள்ளிச் சொருகி, குழியோடு சேர்த்து ஒரே வீச்சில் அள்ளிச் சுளகில், அதாவது முறத்தில், கொட்டவேண்டும். சுளகை மெல்லத் தட்டினால் மண் நகரும். நகராமல் கிடக்கும் ஒரு மண்கட்டி, அரை நிமிஷம் கழித்து நடக்க ஆரம்பிக்கும், பின்பக்கமாக.

"ஆச்சி, இது ஏன் ரிவர்ஸ்லயே போகுது?"

"அதுக்கு முன்னால போகத் தெரியாதுலே. குழி தோண்டுறதும் பின்னாலதான்."

ஆச்சி சொன்னது சரி. பின்னோக்கிச் சுற்றிச் சுற்றி நடந்து, தட்டைத் தலையால் மண்ணை வெளியே விசிறி எறிந்துதான் குழி உருவாகிறது. காய்ந்த பொடிமண் எவ்வளவு சரிவில் சரியாமல் நிற்குமோ அந்தச் சரிவின் விளிம்பில் குழியின் சுவர் நிற்கும். எறும்பு கால் வைத்ததும் மண் சரியும். மேலே ஏறப் பார்த்தால், அடியிலிருந்து மண்மாரி வரும். அடியில் இருப்பது இரண்டு அரிவாள் தாடை. அவை குழல் மாதிரி வேலை செய்யும், சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டை வெளியே எறிந்துவிடும். குழியானைக்குக் கழிவை வெளியேற்ற வழி கிடையாது, புழுவாக இருக்கும் காலம் முழுக்கச் சேர்த்தே வைத்திருக்கும். இந்த ஒரு தகவலைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அன்றைக்கு போனைத் தேடாது.

ஒன்றை மட்டும் கண்ணாடி டம்ளரில் வைக்கலாம். இரண்டு அங்குலம் காய்ந்த பொடிமண், அதே இடத்து மண். ஒரு நாளைக்கு ஒரு சின்ன எறும்பு போதும், அது இல்லாமலும் பல நாள் தாங்கும். குழி வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மண்ணில் ஈரம், மண் பருமணல், அல்லது பிள்ளை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டம்ளரை ஆட்டிப் பார்க்கிறது. மூன்றாவதுதான் அதிகம். வெயில் படும் ஜன்னலில் டம்ளரை வைக்கக்கூடாது.

இரண்டாம் நாள்

காலை ஐந்தரைக்கு ஆச்சி வீட்டுப் பின்னால் உள்ள விளைக்கு, அதாவது பனந்தோப்புக்குப் போயாயிற்று. பதநீர்க் காலம் இது. பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி வரைக்கும் ஓடும்.

முதலில் பையனுக்குச் சொல்லவேண்டியது, பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பது. ஆண் பனைக்கு அலகுப்பனை என்று பேர். விரல் விரலாக நீண்ட பூந்தண்டு இருக்கும், காய்க்காது. பெண் பனை பருவப்பனை. நுங்கு அதில்தான். பதநீர் இரண்டிலும் இறங்கும். பாளை, அதாவது பூந்தண்டு, வராத காலத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல பனையேறிகளாலேயே சுலபத்தில் முடியாது. இப்போது முடியும் என்பதால், விளையில் நிற்கும் மரங்களை எண்ணி நோட்டில் அ, ப என்று குறிக்கச் சொன்னால் அரை மணி நேர வேலை ஆகிவிடும்.

பனையேறி அண்ணாச்சி ஏறுவதை ஒரு மரத்துக்காவது அடியிலிருந்து முழுசாகப் பார்க்கவேண்டும், ஆனால் நேர் கீழே நிற்கக்கூடாது. மட்டை விழும், சில சமயம் அரிவாளே விழும். பதினைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. காலில் தளைநார், இடுப்பில் பெட்டி, பெட்டியில் பாளை அரிவாள், சுண்ணாம்பு. முப்பது நாற்பது அடி உயரத்தில் அவர் செய்யும் வேலை இதுதான்: பல நாளாகக் கடிப்பு என்ற இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியை, தாள் கனத்துக்கு மட்டும் சீவுகிறார். நேற்றைய வெட்டு காய்ந்து அடைத்திருக்கும், புது வெட்டு வாய் திறக்கும். காலை ஒரு சீவல், மாலை ஒரு சீவல். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு நாள் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். லீவு கிடையாத தொழில்.

பாளைச் சாறு சொட்டும் கலயத்தின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று பையன் கேட்டான். சுண்ணாம்பு. காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் இனிப்புச் சாற்றில் இறங்கினால் சில மணி நேரத்தில் அது கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. ஒரே மரம், ஒரே பாளை, உள்ளே தடவிய சுண்ணாம்பு மட்டுமே வித்தியாசம். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, பதநீருக்குத் தடையில்லை. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு ஏறி நுரைக்கும். கூடினால் நாக்கு பொத்துப்போகும். இறக்கிய பிறகு கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கலக்காமல் மேலாக வடித்துக் குடிப்பதற்குக் காரணம் இதுதான்.

டம்ளரில் குடிக்கக்கூடாது என்றில்லை, பட்டையில் குடித்தால் ருசியே வேறு. பச்சை ஓலையில் நாலைந்து இலக்கு, அதாவது கீற்று, சேர்ந்த துண்டை எடுத்து, விரித்து, இரண்டு முனையையும் மடக்கிக் குவித்து, கிழித்த இலக்கையே நாராக்கி முடிச்சுப்போட்டால் தோணி மாதிரி வரும். முடிச்சு தளர்ந்தால் சட்டை நனையும், பழகும்வரை எல்லாருக்கும் நனையும். மட்டையைப் பிள்ளை தொடவேண்டாம். இரண்டு ஓரத்திலும் கருக்கு, ரம்பம் மாதிரி அறுக்கும்.

"தம்பி, உறிஞ்சாத. பட்டையச் சாய்ச்சு மெதுவா குடி," என்றார் அண்ணாச்சி.

பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல் நாள் ஒரு சின்ன டம்ளர் அளவு போதும். வெறும் வயிற்றில் அரை லிட்டர் குடித்தால் மத்தியானம் கக்கூஸில்தான் இருக்கவேண்டியிருக்கும். அதில் இளநுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். வாங்கியதை அன்றைக்கே குடித்துவிடவேண்டும், பாட்டிலில் இறுக்கி மூடிப் பஸ்ஸில் கொண்டுபோனால் மூடி தெறிக்கும்.

மாலையில் அதே பனையடிக்குத் திரும்பியாயிற்று. அரிவாள் போல வளைந்து மெலிந்த இறக்கையோடு கும்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தவை பனை உழவாரன்கள். உட்காரவே மாட்டா. பனை ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகுகளை ஒட்டிச் சின்ன மெத்தை செய்து, முட்டையையும் அதே எச்சிலால் ஒட்டிவைக்கும். காற்றில் ஓலை தலைகீழாக ஆடினாலும் முட்டை விழாது. பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். பொழுது சாயும்போது எந்த ஓலைக்குள் நுழைகிறது என்று ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

தேரி. சிவப்பு மணல் மேடு. மணல்துகளின் மேல் படிந்த இரும்புத் துருதான் நிறம். ஒன்பது மணிக்குமேல் வெறுங்காலில் நிற்க முடியாது, அதனால் சூரியன் கிளம்பும்போதே அங்கே இருக்கவேண்டும். அதற்கு வேறு காரணமும் உண்டு. பகலில் கிளம்பும் காற்று எல்லாத் தடத்தையும் அழித்துவிடும். விடிகாலையில் மணல் ராத்திரிக் கணக்கை அப்படியே வைத்திருக்கும், சாய்வெயிலில் தடத்தின் ஓரம் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.

தடத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் நிற்கக்கூடாது. பக்கத்தில் ஓர் அஞ்சு ரூபாய் நாணயம் வைத்து நோட்டில் வரையவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் மயில் தடமும் மைனா தடமும் ஒரே அளவாகிவிடும். மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே என்றால் பறவை. நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் நகக்குறியும் என்றால் உடும்போ ஓணானோ, அளவைப் பார்த்துச் சொல்லலாம். துணியில் தையல் போட்ட மாதிரி இரண்டு வரிசைப் புள்ளி, வண்டு. ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்வாகக் கிடக்கும் கோடுகளைக் கண்டால் அதைத் தொடர்ந்து போகவேண்டாம். மணலில் பக்கவாட்டில் நகரும் சுருட்டை விரியனின் தடம் அப்படித்தான் இருக்கும்.

விழுந்துகிடக்கும் மட்டையை ஆர்வத்தில் பையன் புரட்டப் போனான்.

"ஏலே, கைய வைக்காத! கம்ப எடு. எடுத்துத் தூக்கறப்ப உன் பக்கமாத் தூக்கு."

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. நம் பக்கமாகத் தூக்கினால் மட்டை நமக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவில் தட்டி மாதிரி நிற்கும். தேளோ பாம்போ எதிர்ப்பக்கம் ஓடும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அது நம் காலுக்கு வரும். பார்த்தபின் மட்டையை இருந்தபடியே வைத்துவிடவேண்டும், அது ஒருத்தர் வீட்டுக் கூரை. பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மணலில் ஓணான் ஒன்று குச்சிமேல் ஏறித் தொண்டைத் தோலை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. விசிறித்தொண்டை ஓணான் வகை. ஆணுக்குத்தான் அந்த விசிறி. பெண்ணைக் கூப்பிட, மற்ற ஆணை விரட்ட. இந்த வகையில் ஓர் இனத்துக்கு 2016-இல் சிட்டானா விசிறி என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். நம்முடைய பனையோலை விசிறிதான் அந்தப் பெயரில் இருப்பது. பக்கத்தில் போனால் ஓடிவிடும். இருபதடியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால் மறுபடி குச்சிக்கு வரும்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டு மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டும். உறையிலிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் தானாக உதிரும். உறையில்லாமல் செய்தால் காந்தத்தைச் சுத்தம் செய்தே ஆயுசு போகும்.

திரும்பும் வழியில் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். இந்தக் காய்ச்சல் மணலுக்கு நடுவில் சுனை. மழைத் தண்ணீரை மணல் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, தாழ்ந்த இடத்தில் கசிய விடுகிறது. மற்றபடி வெயில் ஏறிவிட்டது, மாலைவரை தூக்கம்.

நான்காம் நாள்

கருப்பட்டி காய்ச்சும் விளைக்கு ஆச்சி கூட்டிப்போனார். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட எட்டு, பத்து லிட்டர் பதநீர் பிடிக்கும். வடிகட்டிய பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பனை மட்டையும் உடைவிறகும் எரித்து, இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சுகிறார்கள். நுரை பொங்கி வழியப் போகும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார்கள், எண்ணெய் பட்டதும் நுரை அடங்கும். பிறகு கொதியின் சத்தம் மாறும். சலசலப்பு போய், கூழ் கொதிக்கும் தடதடப்பு. கண்ணை மூடிக்கொண்டு அந்த மாற்றத்தைச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

பதம் பார்ப்பது தண்ணீர்க் கிண்ணத்தில். ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டு, விரலில் எடுத்தால் உருட்டவரவேண்டும். முன்னாலே இறக்கினால் கட்டியாகாமல் பாகாகவே நிற்கும். அரை நிமிஷம் தாமதித்தால் அடிப்பிடித்துக் கசக்கும். இறக்கித் துடுப்பால் கிண்டி, ஈர மணலில் பதித்த சிரட்டைகளில் ஊற்றினால் ஆறி இறுகும். பிள்ளை இரண்டு கை நீளம் தள்ளித்தான் நிற்கவேண்டும், இதில் பேச்சே கிடையாது. கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் மாதிரி வழிந்து போகாது. பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டவேண்டும், பேஸ்ட் தடவுகிற வேலை வேண்டாம்.

மத்தியானம் நுங்கு. கண்ணில் கட்டைவிரலை விட்டு ஒரு சுழற்று, வாயை வைத்து ஓர் உறிஞ்சு. கரண்டி கேட்பவர்களுக்கு பாதி தரையில். முற்றிய கடுக்காய் நுங்கை ஆசைக்குத் தின்றால் வயிறு வலிக்கும்.

தின்ற பிறகு வண்டி. ஒரே அளவான இரண்டு நுங்குக் காய், ஒன்றரைச் சாண் நீளக் குச்சி, நாலடிக் கவட்டைக் கம்பு. காயின் நட்டநடுவில் துளை போட்டுக் குச்சியின் இரண்டு முனையிலும் இறுக்கமாகச் சொருகவேண்டும். துளை குச்சியைவிடச் சிறிதாக இருக்கட்டும், அடித்து ஏற்றினால்தான் பிடிக்கும். கவட்டை குச்சியின் நடுவில் உட்காரும், பின்னால் நின்று தள்ளினால் குச்சியோடு சேர்ந்து இரண்டு சக்கரமும் உருளும். பையனின் முதல் வண்டி இடதுபக்கமே இழுத்துக்கொண்டு போனது. இடக்காய் சிறியது, ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரம் குறைவு, அதனால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். இரண்டாவது வண்டி துள்ளியது, துளை நடுவில் இல்லை. மூன்றாவதுதான் ஓடியது. ஆச்சி இரண்டு தடவையும் காரணம் சொல்லவில்லை. "எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு" என்றதோடு சரி. அதுதான் சரியான முறை என்பது எங்கள் கட்சி.

மாலையில் கிணற்றோரப் பனையில் பழைய தூக்கணாங்குருவிக் கூடுகள். தொங்குவதைத் தொடவேண்டாம், வேறு குருவி குடியிருக்கலாம். கீழே விழுந்த ஒன்றைக் கம்பால் தட்டி, பூரான் இல்லை என்று பார்த்தபின் பிரிக்கலாம். இலையோரத்தில் கடித்து ஒரு வெட்டுப் போட்டு, நாரைப் பிடித்துக்கொண்டு பறந்தே கிழித்த இழைகள், ஒரு சாண் முதல் மூன்று சாண் வரை. உள்ளே காய்ந்த களிமண் உருண்டை. அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது கேட்க அழகான கதை. காற்றில் ஆடாமல் இருக்கப் பாரம் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. கூடு கட்டுவது ஆண். சுமார் 18 நாள் வேலை. தலைக்கவசம் மாதிரிப் பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் அது அப்படியே அரைகுறையாக நிற்கும். மரத்தில் முழுக்கூடு எத்தனை, அரைக்கூடு எத்தனை, எந்தத் திசையில் அதிகம் என்று எண்ணச் சொல்லுங்கள். தென்மேற்குக் காற்றுக்கு ஒதுங்கிக் கிழக்குப் பக்கம் கட்டுவதே வழக்கம். இங்கே ஒன்பதில் ஏழு கிழக்கே.

ஐந்தாம் நாள்

தூரம் போன ஒரே நாள். சாத்தான்குளம், மூலைக்கரைப்பட்டி வழியாக கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. ஊருக்குள்ளேயே வீட்டுக் கொல்லை மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். குளத்து வண்டலோடு சேர்ந்த எச்சத்தை ஊர்க்காரர்கள் வயலுக்கு உரமாக அள்ளிப்போவார்கள். விடிந்ததும் அங்கே இருக்கவேண்டும், மே மாதத்தில் குஞ்சுகள் பெரிசாகிவிட்ட நேரம், ஆனால் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

பெரியவர்களின் பைனாகுலரைப் பிள்ளை கையில் கொடுத்து "தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்று பொய் சொல்லும். கண்ணிடைவெளிக்கு ஏற்றபடி மடங்காத பைனாகுலரில் இரண்டு வட்டமும் நடுவில் கறுப்பும்தான் தெரியும். ஒரே வட்டம் ஆகும்வரை மடக்கவேண்டும். ஆகாவிட்டால் ஒரு கண்ணில் மட்டும் வைத்துப் பார்க்கட்டும். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, கண்ணை எடுக்காமல் கருவியை உயர்த்தவேண்டும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடினால் வானம்தான் கிடைக்கும்.

நாரையின் சிவந்த கால் ஏன் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை?

"கால்லயே பேண்டுக்கிடும்லே. வெக்கை தாங்காம."

உண்மைதான். ஈரம் காயும்போது காலின் சூடு இறங்குகிறது. வெயில் ஏறியதும் தாய் இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கட்டி நிற்பதையும் பார்க்கலாம். தண்ணீரில் அரைவாய் திறந்தபடி அலகை அலசிக்கொண்டே நடப்பது, கண்ணால் பார்த்து அல்ல, அலகில் மீன் படும் உணர்வால் பிடிப்பதற்கு. கூட்டுக்குக் கீழே தொப்பி கட்டாயம். எட்டரைக்குக் கிளம்பிவிட்டோம், அதற்குமேல் இருந்தால் பையனுக்குத் தலைவலிதான்.

ஆறாம் நாள்

கருப்பட்டி இரண்டு கிலோ, ஓலைக்கொட்டானில். பாலிதீன் பையில் கட்டினால் வேர்த்து இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நுங்கு வண்டியின் சக்கரம் இரண்டு நாளில் சுருங்கித் துளை தளர்ந்துவிட்டது. குச்சியில் பனைநாரைச் சுற்றி மறுபடி அடித்து ஏற்றினான்.

டம்ளர்க் குழியானையை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும் என்று ஒரு பாடு அழுகை. பஸ் குலுங்கலில் குழி நிற்காது, பட்டினி கிடக்கும். எடுத்த அதே இறவாணத்துக்குக் கீழே, மற்ற குழிகளுக்கு ஒரு சாண் தள்ளி, டம்ளரை மெல்லச் சாய்த்துக் கொட்டினார்கள். பின்னாலேயே நடந்து நாலு விரல் தூரத்தில் அமுங்கியது.

"நாளைக்குக் குழி வருமா ஆச்சி?"

"வரும். வந்தா ஸ்கேல வச்சு அளந்து போன்ல சொல்லுதேன்."